வானத்தைக் கருக்கலாமா?

சித்திரை நண்பகலில் கலவை என்ற ஊரில் எடுத்த படங்களில் வானம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏரிக்கரை இருக்கும், பனைமரம் இருக்கும், கோயில் கோபுரம் இருக்கும். கோபுரத்துக்கு மேலே வெறும் வெள்ளை. ஆற்காட்டுக்குத் தென்கிழக்கே இருக்கும் இந்தப் பேரூர் ஏறத்தாழ 12.8 பாகை வட அட்சரேகையில் அமைந்திருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக வந்து நிற்கும். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபத்துக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தும்போது மணி பன்னிரண்டை நெருங்கியிருக்கும். புழுதியும் வெக்கையின் மங்கலும் சேர்ந்து வானத்தின் நீலத்தை ஏற்கெனவே பாதி தின்றிருக்கும். மீதிப் பாதியைக் கேமரா தின்றுவிடும்.

ஆகவே படம் கணினிக்குப் போகிறது. அங்கே அதற்கு இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, மேலிருந்து கீழாக வானம் கருக்கப்படுகிறது. இன்னொன்று, நான்கு மூலைகளும் இருட்டாக்கப்படுகின்றன. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் திருமண ஆல்பம், திருவிழா பேனர், ஏற்றுமதிக் காலணியின் விளம்பரப் படம், பாலாற்று மாசைக் காட்டும் செய்திப்படம் என எதை எடுத்தாலும் இந்த இரண்டு வேலைகளின் தடயம் தெரியும். இது திருத்தமா, அலங்காரமா, பொய்யா என்று புகைப்படக்காரர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கேள்வியாக நினைத்துச் சண்டை போடுவதால்தான் அது தீரவில்லை என்பது என் எண்ணம். வானத்தைக் கருக்குவது ஒரு சங்கதி. விளிம்பைக் கருக்குவது முற்றிலும் வேறு சங்கதி. இரண்டையும் எந்தப் படத்தில் செய்கிறோம் என்பது மூன்றாவது.

முதலில் அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். புகைப்படக்காரர்கள் ஒளியை ‘ஸ்டாப்’ கணக்கில் அளக்கிறார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்கு. வெயில் பட்ட வானத்துக்கும் புங்கமர நிழலில் நிற்கும் மனிதர் முகத்துக்கும் நான்கு ஸ்டாப் வித்தியாசம் இருந்தால் வானம் 16 மடங்கு வெளிச்சம் என்று பொருள். நம் கண் முகத்தைப் பார்க்கும்போது பாவையை விரிக்கும், வானத்தைப் பார்க்கும்போது சுருக்கும். மூளை இரண்டையும் ஒட்டி ஒரே காட்சியாகத் தந்துவிடும். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரே திறப்பு, ஒரே நேர அளவு. முகத்துக்குச் சரியாக வைத்தால் வானம் வெளுத்துப் போகும். வானத்துக்கு வைத்தால் மணமக்கள் நிழலுருவமாகிவிடுவார்கள். பெண் வீட்டார் பணம் தரமாட்டார்கள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் வானத்தைக் கருக்குபவர் ஏமாற்றுக்காரர் அல்லர். நேரில் நின்றவர் கண்டதைக் கேமரா காணவில்லை; அந்த இடைவெளியை அவர் நிரப்புகிறார். எல்லை எங்கே என்பதுதான் விவாதத்துக்குரியது.

கணினி வந்த பிறகு வந்த நோய் இது என்று சொல்பவர்கள் தமிழ்நாட்டின் மிகப் பழைய புகைப்படங்களையே பார்த்ததில்லை. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. 1857 கடைசியிலும் 1858-லும் ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டிக் காலத்தில் பெரிய கேமராவோடு அலைந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். இன்று நாம் செல்பேசியில் ‘பனோரமா’ என்று இழுப்பதை அவர் பசையும் கத்தரிக்கோலும் கொண்டு செய்தார்.

ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அக்கால வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கு மட்டும் மிகையாக எதிர்வினை காட்டின. சிவப்பு, பச்சை ஒளியை ஏறத்தாழ கண்டுகொள்ளவே இல்லை. நீல வானம் நெகட்டிவில் அடர்ந்து படிந்து, அச்சில் வெறும் வெள்ளையாக விழுந்தது. மேகம் இருந்த நாளிலும் மேகம் வராது. அதற்கு ட்ரைப் ஒரு வழி கண்டார். நெகட்டிவின் வானப்பகுதியில் தூரிகையால் வண்ணம் பூசி மேகங்களை உண்டாக்கினார். மரக்கிளைகளின் இலைத் தொகுதியையும் சில இடங்களில் இப்படியே தேற்றினார். 1855-இல் பர்மாவில் எடுத்தவற்றிலும் பிறகு தென்னிந்தியப் படங்களிலும் இந்தக் கைவேலையை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் 2014–15-இல் நடத்திய ட்ரைப் கண்காட்சியில் இந்த நெகட்டிவ்களும் பேசப்பட்டன.

யோசித்துப் பாருங்கள். கட்டடங்களையும் கல்வெட்டுகளையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்யவேண்டும் என்பது அவருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை. கல்வெட்டில் அவர் ஓர் எழுத்தையும் தொட்டதாகத் தெரியவில்லை. வானத்திலும் இலைகளிலும் மட்டும் கைவைத்தார். எது ஆவணம், எது சூழல் என்று அவருக்குள் ஒரு கோடு இருந்திருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் இன்று பலர் வேலை செய்கிறார்கள். ட்ரைப்பின் பதவியை ஆளுநர் ட்ரெவெல்யன் காலத்தில் செலவு அதிகம் என்று மூடிவிட்டார்கள். அவர் தீவிரமாகப் படமெடுத்த காலம் 1860-ஓடு முடிந்துபோனது.

அதே 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் அவர் எடுத்த செத் நகரப் பேரலைப் படம் அப்படிப் பிறந்தது. பிறகு மேகம் மட்டும் உள்ள நெகட்டிவ்களைத் தனியாக விற்கவும் ஆரம்பித்தார்கள். அடோபி நிறுவனம் 2020 அக்டோபரில் போட்டோஷாப்பில் ‘வான மாற்று’ வசதியைச் சேர்த்து, அதனோடு இருபத்தைந்து வானங்களையும் வைத்துக் கொடுத்தபோது உலகம் வாய்பிளந்தது. கடையில் மேகம் வாங்கிய விக்டோரியா காலத்து ஸ்டுடியோக்காரர் வாய்பிளந்திருக்கமாட்டார்.

1873-இல் ஹெர்மன் ஃபோகல் சாயங்களைச் சேர்த்து நெகட்டிவைப் பச்சைக்கும் உணர்வுள்ளதாக ஆக்கினார். 1906 வாக்கில் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் கடைக்கு வந்தன. அதற்குப் பிறகுதான் வானத்தைக் கேமராவுக்குள்ளேயே கருக்க முடிந்தது. லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி வைத்தால் நீல ஒளி தடுக்கப்படும். நீல வானம் கரும் சாம்பலாகும், வெள்ளை மேகம் எழுந்து நிற்கும். அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் 1927-இல் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். மனத்தில் கண்ட கம்பீரம் வராது என்று தோன்றவே, கடைசித் தகட்டில் அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். பட்டப்பகல் வானம் ஏறத்தாழ கறுப்பாக விழுந்தது. நம் கறுப்பு–வெள்ளைத் திரைப்படங்களில் பகலில் எடுத்து இரவாகக் காட்டிய காட்சிகளுக்கும் இதே சிவப்புக் கண்ணாடிதான் ஆதாரம்.

அதே ஆடம்ஸ் 1941-இல் எடுத்த ‘நிலவெழுச்சி, ஹெர்னாண்டஸ்’ படத்தின் கதை இன்னும் பொருத்தமானது. நெகட்டிவை நேராக அச்சிட்டால் வானத்தில் மெல்லிய மேகங்கள் பல தெரியும். அவர் ஆண்டுக்காண்டு அந்த வானத்தைக் கூடுதலாகக் கருக்கிக்கொண்டே வந்தார். பிற்கால அச்சுகளில் மேகம் பெரும்பாலும் மறைந்து, கரிய வெளியில் நிலவு நிற்கிறது. எது அசல்? அவரைக் கேட்டால் கடைசி அச்சைத்தான் காட்டியிருப்பார். கலைப்படம் என்ற வகையில் அந்த உரிமையை நான் மறுக்கமாட்டேன்.

இங்கேயும் இருட்டறைக் காலம் ஒன்று இருந்தது. உதகையில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் அச்சுத்தாளும் தயாரித்தது. அந்தத் தாளில், நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரின் வெளிச்சம் விழும்போது முகத்தைக் காக்க ஒரு கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டு. வானத்துக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுக்க ஓட்டையிட்ட அட்டை அல்லது வளைத்த உள்ளங்கை. முதலாவது ‘டாட்ஜ்’, இரண்டாவது ‘பர்ன்’. நெகட்டிவின் மேல் பென்சிலால் ‘டச்சிங்’ செய்து முகச் சுருக்கத்தை மறைப்பவர் தனி. போட்டோஷாப்பில் பர்ன் கருவிக்கு வளைத்த கையின் படம் இருப்பது ஏன் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அது என்லார்ஜருக்குக் கீழே வலிக்க வலிக்கப் பிடித்திருந்த கை.

இனி விளிம்புக்கு வருவோம். மூலைகள் கருத்திருப்பது முதலில் அழகுக்காக வந்ததல்ல, லென்சின் குறை. லென்சின் நடு அச்சிலிருந்து விலகி வரும் ஒளி, விலகும் கோணத்தின் கொசைன் மதிப்பின் நான்காம் அடுக்கின் அளவுக்குக் குறைகிறது. 45 பாகை விலகிய மூலையில், கணக்குப்படி, நடுவில் விழும் ஒளியில் கால்பங்குதான் விழும். அதாவது இரண்டு ஸ்டாப் இருட்டு. துளையை முழுவதுமாகத் திறந்தால் லென்சின் குழலே மூலை ஒளியை மறைத்து இன்னும் இருட்டாக்கும். துளையைச் சுருக்கினால் இந்த இரண்டாவது பகுதி குறையும். நம் வீட்டு ஆல்பங்களில் கிடக்கும் ஆக்ஃபா கிளிக் 3 கேமராப் படங்கள் நினைவிருக்கிறதா? ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். விலை மலிவு, லென்சு எளியது. நடுவில் பாட்டி தெளிவாக இருப்பார். மூலையில் நின்ற சித்தப்பா மங்கிக் கலங்கி இருப்பார். யாரும் அதைக் கலை என்று சொல்லவில்லை.

குறை அழகானது பிறகு. சோவியத் நாட்டில் 1980-களில் வந்த லோமோ எல்சி-ஏ என்ற சிறு கேமராவின் இருண்ட மூலைகளை வியன்னா மாணவர்கள் சிலர் கொண்டாடி 1992-இல் ஓர் இயக்கமே ஆரம்பித்தார்கள். 2010-இல் இன்ஸ்டாகிராம் வந்தது. அதன் தொடக்ககால ஃபில்டர்கள் பல, மூலைகளை இருட்டாக்கியே படத்தைத் தந்தன. லட்சக்கணக்கில் செலவு செய்து குறையில்லாத லென்சு வாங்குகிறோம். மென்பொருள் அந்த லென்சின் மிச்சக் குறையையும் தானாகத் திருத்துகிறது. அதே மென்பொருளின் அடுத்த பொத்தானை அழுத்தி அந்தக் குறையைத் திரும்பக் கொண்டுவருகிறோம். இதைவிட வேடிக்கை வேறில்லை.

இருந்தாலும் விளிம்பைக் கருக்குவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. வெளிச்சமான இடத்துக்குக் கண் ஓடும். மூலையில் ஒரு வெள்ளைச் சுவரோ பிளாஸ்டிக் நாற்காலியோ இருந்தால் பார்வை அங்கே போய்விடும். அதைச் சற்று அடக்கினால் நடுவில் இருப்பவர் மீது பார்வை நிற்கும். என்லார்ஜரும் தாளின் நடுவில் அதிக வெளிச்சத்தையும் ஓரத்தில் குறைந்த வெளிச்சத்தையும் கொடுத்ததால் அச்சின் ஓரங்கள் வெளுத்து வந்தன. ஆடம்ஸ் தமது ‘தி பிரிண்ட்’ நூலில் ஓரங்களுக்குச் சிறிது கூடுதல் வெளிச்சம் தருவதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தச் சிறிது என்பதுதான் முக்கியம். பார்ப்பவர் உணர்வார், காணமாட்டார்.

ஆம்பூரில் காலணி செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழுப்புத் தோல் ஷூவின் முனையையும் குதிகாலையும் பர்னிஷ் சக்கரத்தில் காட்டித் தேய்த்துக் கருக்குவார்கள். நடுப்பகுதி வெளிர் நிறத்தில் ஒளிரும். ஒரு சுற்று அதிகமானால் ஷூ கருகியதாகத் தெரியும். தரம் பார்ப்பவர் ஒதுக்கிவிடுவார். புகைப்படத்துக்கு அப்படித் தரம் பார்ப்பவர் இல்லாததுதான் குறை.

திருமணப் படங்களில் இருண்ட மூலை இவ்வளவு பெருகியதற்கு இன்னொரு காரணம் இருப்பதாக நான் நினைக்கிறேன். அதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரு முகத்தின் நிறம் சுற்றியுள்ள நிறத்தைப் பொறுத்து வெளுத்தோ கருத்தோ தெரியும். சுற்றிலும் இருட்டாக்கினால், முகத்தைத் தொடாமலே சிவப்பாகக் காட்டிவிடலாம். பெண்ணை நேரடியாக வெளுக்க வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள். மூலையைக் கருக்கினால் ‘சினிமா மாதிரி இருக்கு’ என்பார்கள். நிற ஆசைக்கு இப்படி ஒரு பின்வாசல். இருண்ட விளிம்புக்குப் பக்தி மரபும் ஒரு காரணம். கலவை, காஞ்சி மடத்தின் 68-ஆம் பீடாதிபதி 1907-இல் துறவு ஏற்றுப் பொறுப்புக்கு வந்த ஊர். மகான்களின் படங்களில் தலையைச் சுற்றி ஒளியும் விளிம்பில் இருளும் வைக்கும் வழக்கம் காலண்டர் அச்சகங்களிலிருந்து வந்தது. பூஜை அறைக்குப் பொருந்திய அந்த மரபு, அப்படியே மணமேடைக்கும், அங்கிருந்து பிறந்தநாள் பேனருக்கும், கட்சிக்காரர் வரவேற்புத் தட்டிக்கும் இறங்கிவிட்டது.

மென்பொருளில் செய்முறைகள் பல. எல்லாவற்றையும் விளக்கினால் கையேடு ஆகிவிடும். தவறு நடக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். 1990-இல் போட்டோஷாப் வந்தது. அதன் பழைய பதிப்புகளில் பர்ன் கருவியை வானத்தில் தேய்த்தால் நீலம் செத்துச் சேற்று நிறமாகும். 2008-இல் நிறம் காக்கும் வசதி வந்த பிறகு இந்தக் குறை தணிந்தது. 2007-இல் அதே அடோபியின் லைட்ரூம் மென்பொருள் வந்தது, அடுத்த ஆண்டு மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் கருக்கும் ‘கிராஜுவேட்டட்’ கருவி அதில் சேர்ந்தது. லென்சுக்கு முன் பாதிக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவதன் கணினி வடிவம் அது. கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் அருமையான கருவி. கோபுரத்துக்கு ஆகாது. கருவிக்கு வானம் எது, கோபுரம் எது என்று தெரியாததால் கலசத்திலிருந்து மூன்று நிலை வரை கோபுரமும் சேர்ந்து கருத்துவிடும். அடியில் வெயில் அடிக்கும் கோபுரத்துக்கு உச்சியில் மட்டும் மாலை வந்துவிடும். நம் ஊர்த் திருவிழாப் படங்களில் இதை எண்ணற்ற முறை பார்க்கலாம்.

2021 அக்டோபரில் வானத்தை மட்டும் தானாகப் பிரித்தெடுக்கும் வசதி லைட்ரூமுக்கு வந்தது. கோபுரம் தப்பித்தது, பனை மாட்டிக்கொண்டது. ஓலைகளின் இடுக்கில் தெரியும் வானத்தையும் மின்கம்பிகளுக்கு இடையிலுள்ள வானத்தையும் கணினி சரியாகப் பிரிக்காது. ஓலையைச் சுற்றி வெள்ளைக் கரை ஒன்று பிசிறாகத் தங்கும். கருக்கும் அளவைக் குறைப்பதைத் தவிர இதற்கு நல்ல மருந்து கிடையாது.

நீல நிறத்தின் ஒளிர்வை மட்டும் குறைப்பது இன்னொரு வழி; சிவப்புக் கண்ணாடியின் வாரிசு. வானத்தில் நீலம் இருந்தால் வேலை செய்யும். சித்திரையின் வெள்ளை வானத்தில் குறைப்பதற்கு நீலமே இல்லை. மணப்பெண் கட்டியிருக்கும் மயில்கழுத்து நிறப் பட்டுதான் கருத்துப்போகும். போலரைசர் ஃபில்டர் மாட்டினால் என்ன என்று கேட்கலாம். சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வானத்தில்தான் ஒளி அதிகம் தளவிளைவு அடைந்திருக்கும். உச்சி வெயிலில் அந்தப் பகுதி தொடுவானத்தைச் சுற்றி அமைகிறது. அங்கேதான் புழுதியும் மங்கலும் மிகுதி. காலை எட்டு மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ வடக்கு அல்லது தெற்கு பார்த்து எடுத்தால் பலன் தெரியும். அப்போதும் அகலக் கோண லென்சு போட்டால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருத்து, மறுபக்கம் வெளுத்து நிற்கும்.

முழுக்க வெளுத்துப்போன வானத்தில் தகவலே கிடையாது. அதைக் கருக்கினால் சாம்பல் பூச்சுதான் கிடைக்கும். ஆகவே எடுக்கும்போதே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, கேமரா பதிந்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுப்பது அடிப்படை. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. படிகள் குறைந்த வானத்தை இழுத்துக் கருக்கினால் பட்டை பட்டையாக வளையங்கள் விழும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வளையங்கள் இன்னும் தடிக்கும். ஃபிளெக்ஸில் அச்சடித்தாலோ மெல்லிய இருள்கள் எல்லாம் ஒரே கறுப்பாகப் படிந்துவிடும். கணினித் திரையில் மென்மையாகத் தெரிந்த மூலை, பேனரில் கரி பூசியதாக நிற்கும். வேலூர்ப் பக்கத்தில் வானத்தைக் கருக்க எளிய வழி ஐப்பசி வரை காத்திருப்பதுதான். வடகிழக்குப் பருவமழை விட்ட மறுநாள் காலையில் புழுதி அடங்கியிருக்கும். மென்பொருளுக்கு வேலை இருக்காது.

இதுவரை சொன்னது ரசனை. இனி வருவது வேறு. 1994 ஜூன் 27 தேதியிட்ட ‘டைம்’ இதழ், கொலை வழக்கில் கைதான ஓ.ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை அட்டையில் போட்டது. முகம் கருக்கப்பட்டு, விளிம்புகள் இருட்டாக்கப்பட்டிருந்தன. அதே வாரம் ‘நியூஸ்வீக்’ அதே படத்தை மாற்றாமல் அட்டையில் போட்டதால் கடையில் இரண்டும் அருகருகே தொங்கி உண்மையைக் காட்டிக்கொடுத்தன. கறுப்பரைக் குற்றவாளியாகக் காட்டும் முயற்சி என்று எதிர்ப்பு கிளம்பியது. அங்கே சேர்க்கப்பட்டதோ நீக்கப்பட்டதோ எதுவுமில்லை. முக்கியமாக இருட்டுதான் கூடியது. இருட்டுக்குப் பொருள் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அமெரிக்காவின் ‘சார்லட் அப்சர்வர்’ நாளிதழ்ப் புகைப்படக்காரர் பாட்ரிக் ஷ்னைடரின் கதை நம் தலைப்புக்கே எழுதியது மாதிரி. பின்னணியை அளவுமீறிக் கருக்கியதற்காக 2003-இல் அவருடைய மூன்று விருதுகள் பறிக்கப்பட்டன. 2006-இல் ஏணியில் நிற்கும் தீயணைப்பு வீரரின் படத்தில் மங்கலான வானத்தை அவர் செக்கச் சிவந்த வானமாக்கினார், வேலை போனது. அதே ஆண்டு ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்குப் படம் தந்த அட்னான் ஹஜ், பெய்ரூட் மீது எழுந்த புகையைக் கூட்டிக் கருக்கியது தெரிந்தவுடன், நிறுவனம் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து விலக்கியது.

ஆனால் 2010-இல் வேறு மாதிரி நடந்தது. உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஸ்டெபான் ரூடிக், படத்தின் பெரும்பகுதியை வெட்டி, கறுப்பு–வெள்ளையாக்கி, மூலைகளைக் கனமாக இருட்டாக்கியிருந்தார். அதற்காக அவருடைய பரிசு பறிபோகவில்லை. பின்னால் நின்ற ஒருவரின் கால் நுனியை அழித்ததற்காகப் போனது. சிறு கால் நுனியை அழித்தால் குற்றம். பாதிப் படத்தை இருட்டில் மூழ்கடித்தால் பாணி! நடுவர்களுக்கே பிறகு இது உறுத்தியிருக்கவேண்டும். 2015-இல் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டியவற்றில் சுமார் 20 சதவீதத்தை அளவுமீறிய திருத்தத்துக்காக நிராகரித்தார்கள். பின்னணியில் உள்ள பொருளையோ ஆளையோ மறைக்கும் அளவுக்கு அடர்த்தியை மாற்றக்கூடாது என்பதும் விதியாயிற்று. நல்ல விதி. ஆனால் அது போதாது. வானத்தில் மறைக்க ஆளும் இல்லை, பொருளும் இல்லை. ஆயினும் வானத்தைக் கருக்கிப் பொய் சொல்லலாம்.

அந்தப் பொய் எப்படி இருக்கும் என்பதற்கு நம் வட்டாரத்தைவிட்டு வெளியே போகவேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமியம் உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1995-இல் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மண்ணில் குவிந்து கிடந்தது. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசு செய்பவரே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்தச் செய்திகளோடு வரும் படங்களைப் பாருங்கள். எத்தனையோ படங்களில் கழிவு மேட்டுக்கு மேலே புயல் வரும் வானம். மூலைகள் இருண்டிருக்கும். படமெடுத்தவரின் கோபம் எனக்குப் புரிகிறது. அதில் குறை சொல்லவும் மனமில்லை. ஆனால் அந்த இருண்ட வானம் பார்ப்பவரிடம் என்ன சொல்கிறது? காற்றில் புகை, ஏதோ ஆலை இன்னும் எரிகிறது என்று சொல்கிறது. இந்த வட்டாரத்தின் நஞ்சோ புகையாகப் போனது குறைவு. அது மண்ணுக்குள் இறங்கியது, கிணற்றில் ஊறியது, தேங்கிய நீரில் மஞ்சளாகத் தெரிந்தது. குரோமியக் கழிவின் மஞ்சள் நீரைத் தெளிந்த நீல வானத்தின் கீழ் காட்டுவதுதான் உண்மையில் பயங்கரம்: எல்லாம் நன்றாகத் தெரியும் நாளில், யாரும் கவனிக்காமல் நிலம் கெட்டுக் கிடக்கிறது. வானத்தைக் கருக்கியவர் பார்வையைத் தரையிலிருந்து மேலே தூக்கிவிடுகிறார். மூலைகளைக் கருக்கும்போது அந்த மஞ்சள் நீர் எந்த வயலின் வரப்பு வரை போகிறது என்ற தகவலையும் சேர்த்து மூடிவிடுகிறார். ட்ரைப் கல்வெட்டைத் தொடவில்லை. மாசுப்படத்தில் வானமும் விளிம்பும் கல்வெட்டின் பகுதிதான்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. இப்படிப்பட்ட படம் ஒருநாள் நீதிமன்றத்துக்குப் போகக்கூடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது. கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணும் அதில் இடம்பெறவேண்டும். கோப்பில் ஒரு புள்ளியை மாற்றினாலும் ஹாஷ் எண் மாறிவிடும். கருக்கிய படத்தை மட்டும் கையில் வைத்திருப்பவரிடம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ‘வானத்தை மாற்றியவர் வேறு எதையெல்லாம் மாற்றினார்?’ என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். ஆண்டுக்கணக்கில் போராடிய ஊர்க்காரர்களின் சான்று அங்கேயே ஆட்டம் காணும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி: திருமணத்திலும் திருவிழாவிலும் வானத்தைக் கண் கண்ட அளவுக்குக் கருக்குங்கள், அது கேமராவின் குறையைத் தீர்ப்பது. வேறு ஊர் வானத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதை வாடிக்கையாளர் கேட்டால் மட்டும், அவருக்குத் தெரிந்தே செய்யுங்கள். மூலைகளைக் கருக்குவதைப் பாதியாகக் குறைத்து, மறுநாள் பார்த்து, மீண்டும் பாதியாகக் குறையுங்கள். செய்திப்படத்தில், குறிப்பாகச் சுற்றுச்சூழல் படத்தில், இரண்டையும் தொடாதீர்கள். செய்தி ஆசிரியர்கள் படத்தோடு கேமராவிலிருந்து வந்த அசல் கோப்பையும் கேட்டு வாங்கி வைக்கவேண்டும்.

கலவை, ஆற்காடு, ஆம்பூர்ப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் தப்பிப் பிழைத்த படங்களையும் நெகட்டிவ்களையும் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படித் தேடி வருபவர்களுக்கு நம்மிடமிருந்து கருக்கிய அச்சுகள் மட்டும் போதாது. பரணில் கிடக்கும் நெகட்டிவ் பெட்டியைப் பழைய சாமான்காரருக்குப் போடாதீர்கள். இன்றைய ரா கோப்புகளை ஆல்பம் கொடுத்த கையோடு அழிக்காதீர்கள். இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு இடத்தில், எடுத்த தேதியோடு வைத்திருங்கள்.